முத்திரையும் கப்பலும் கட்-ஆஃபும்: பாராடாங்கிலிருந்து பார்த்த கல்லூரிகள்

ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்த விஷயம் இது. கொஞ்சம் நீளம், ஒரு காபியோடு உட்காருங்கள்.

இங்கே டொராண்டோ பக்கம் இலையுதிர்காலம் தொடங்கினால் தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுதான். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போனால் வடையைத் தட்டில் வைப்பதற்கு முன்பே கேள்வி வந்துவிடும். "வாட்டர்லூவா, டொராண்டோவா? எது பேரு பெரிசு?" சென்னைக்காரர், யாழ்ப்பாணத்தார், மலேசியாக்காரர் எல்லோரும் இதில் மட்டும் ஒரே கட்சி. 1957ல் தொடங்கிய வாட்டர்லூ, படிப்புக்கு நடுவிலேயே பிள்ளைகளை நிறுவனங்களுக்கு வேலைக்கு அனுப்பும் முறையால் பேர் வாங்கியது. அதை நம் மாமிகள் எனக்கு விளக்கும் அழகைப் பார்த்தால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே விளம்பரத்துறை தேவையில்லை :-)

நான் யோசித்தது வேறு. ஒரு கல்லூரிக்குப் 'பேர்' எங்கிருந்து வருகிறது? அதை யார் முடிவு செய்கிறார்கள்? நம் அப்பா அம்மாக்கள் எதை வைத்து இந்தக் கல்லூரி மேல், அந்தக் கல்லூரி கீழ் என்று தராசு பிடித்தார்கள்? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை நான் பார்த்த இடம் சென்னையோ கோயம்புத்தூரோ இல்லை, பாராடாங்.

பாராடாங் எங்கே இருக்கிறது?

சுற்றுலா போனவர்களுக்கு அந்தமானில் பாராடாங் என்றால் சேற்று எரிமலையும் சுண்ணாம்புக் குகையும்தான். தெற்கு அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையில், சுமார் 240 சதுர கிலோமீட்டர் பரப்பில், பெரும்பகுதி காடாகக் கிடக்கும் தீவு. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஆறாயிரத்துக்கும் குறைவு. தலைநகரான போர்ட் பிளேரிலிருந்து (2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது) வடக்கே சுமார் 100 கிலோமீட்டர். ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் கான்வாய் சேர்ந்து போய், மிடில் ஸ்ட்ரெய்ட் நீரிணையை ஃபெரியில் கடந்து நிலம்பூர் ஜெட்டியில் இறங்க வேண்டும்.

கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து மரம் வெட்ட அழைத்துவரப்பட்டவர்கள், நடுவில் எங்களைப் போலக் கொஞ்சம் தமிழ், தெலுங்கு, மலையாளக் குடும்பங்கள். இந்தி எல்லோருக்கும் பொது. என் அப்பா ராமநாதபுரத்துக்காரர், வனத்துறையில் மரம் அளக்கும் வேலை. வெட்டிய படாக், குர்ஜன் மரங்களைத் தரம் பிரித்து, நீளமும் சுற்றளவும் எழுதி, முனையில் சுத்தியலால் முத்திரை அடித்து அனுப்புவார்கள். அந்தமான் மரம் என்றால் போய்ச் சேரும் பெரிய இடம் 1883ல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலை. "முத்திரை அடிக்கிறது கடைசி வேலைடா. முதல்ல மரத்தைத் தட்டிப் பாக்கணும், உள்ளே பொந்தா இல்லையான்னு சத்தமே சொல்லிடும்" என்பார் அப்பா.

மரத்துக்கு அப்படிச் சொன்ன மனிதர் கல்லூரிக்கு முத்திரையை மட்டும்தான் பார்த்தார். அவர் மட்டுமில்லை, அந்தத் தலைமுறையே அப்படித்தான் பார்த்தது. அதற்குக் காரணம் இருக்கிறது.

முத்திரைக் காலம்

மதராஸ் பல்கலைக்கழகம் 1857ல் தொடங்கியது. கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களும் அதே வருஷம். லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் வந்த இந்த மூன்றும் தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்தன, பட்டம் கொடுத்தன, அவ்வளவுதான். பாடம் நடத்தியது கல்லூரிகள். அதனால் நம் ஊரில் ஆரம்பத்திலிருந்தே இரண்டு பெயர்கள் தனித்தனியாக ஓடின. பட்டத்தில் இருக்கும் முத்திரை ஒன்று, படித்த கட்டடம் இன்னொன்று.

மதராஸின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் என்று பெயர் எடுத்த இருவரும் சென்னைக்காரர்கள் இல்லை. சி.வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை இருவரும் யாழ்ப்பாணத்தார்கள். 1823ல் அமெரிக்க மிஷன் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். பின்னாளில் கலித்தொகையும் தொல்காப்பிய உரைகளும் அச்சேறக் காரணமான அதே தாமோதரம் பிள்ளைதான். ஒரு முத்திரைக்காகக் கடல் கடப்பது தமிழர்களுக்கு அன்றைக்கே பழக்கம். டொராண்டோவில் உட்கார்ந்துகொண்டு நாம் செய்வது புதுசு இல்லை.

முத்திரை எல்லோருக்கும் ஒன்று என்றால் பெற்றோர்கள் எதை வைத்துக் கல்லூரியைப் பிரித்தார்கள்? முதல்வரை வைத்து, ஒழுக்கத்தை வைத்து, விடுதியை வைத்து. 1837ல் ஒரு மிஷன் பள்ளியாகத் தொடங்கிய கிறிஸ்தவக் கல்லூரிக்கு 1862ல் வந்த வில்லியம் மில்லர் நாற்பது வருஷத்துக்கும் மேல் உழைத்தார். ஊர்ப்புறத்தில் நிலம் விற்றுப் பிள்ளையை அனுப்பிய அப்பாவுக்குப் பாடத்திட்டம் தெரியாது, மில்லர் துரை பெயர் தெரியும். 1937ல் அந்தக் கல்லூரி தாம்பரம் காட்டுக்குப் போனபோது செயின்ட் தாமஸ், சேலையூர், பிஷப் ஹீபர் என்று மூன்று விடுதிகள். இன்றும் அங்கே படித்தவரைக் கேளுங்கள், துறையைச் சொல்வதற்கு முன் விடுதியைச் சொல்வார்.

திருச்சியில் செயின்ட் ஜோசப், சென்னையில் 1925ல் வந்த லயோலா இரண்டையும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் 'சாமியார் காலேஜ்' என்றுதான் சொல்வார்கள். அதில் கேலி கிடையாது. பையன் சினிமாவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வார்கள் என்ற நிம்மதி அந்தப் பெயரில் இருந்தது. பச்சையப்ப முதலியாரின் அறக்கட்டளைப் பணத்தில் எழுந்த பச்சையப்பன் கல்லூரிக்கு இன்னொரு பெயர், பாதிரியார் இல்லாத நம்ம ஆள் கல்லூரி. அரசு நடத்திய பிரசிடென்சிக்கு மற்றொரு பெயர், அங்கே படித்தால் சர்க்கார் வேலை. பெற்றோர்கள் கல்லூரியைப் பார்த்தார்கள் என்பதைவிட, பிள்ளை என்ன ஆக வேண்டும் என்ற தங்கள் ஆசையைக் கல்லூரி வாசலில் பார்த்தார்கள் என்பதே சரி.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். 1914ல் சென்னையில் பெண்களுக்கான அரசுக் கல்லூரி வந்தது, பின்னாளில் அதுதான் ராணி மேரி கல்லூரி. 1915ல் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி. 1947ல் ஸ்டெல்லா மாரிஸ், 1948ல் எத்திராஜ். பெண்ணைப் பெற்றவர்கள் கேட்ட முதல் கேள்வி பாடத்தைப் பற்றி இல்லை, மதில் சுவர் எவ்வளவு உயரம் என்பதுதான். வார்டன் கண்டிப்பு என்றால் கல்லூரி நல்ல கல்லூரி.

சண்டிகர் முத்திரை

இப்போது எங்கள் தீவுகளுக்கு வருவோம். போர்ட் பிளேரில் முதல் கல்லூரி 1967ல்தான் வந்தது. இன்று ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா, சுருக்கமாக ஜே.என்.ஆர்.எம். அதற்கு முன்னால் ஒரு பி.ஏ. படிக்க வேண்டுமென்றால்கூடக் கப்பல் ஏற வேண்டும். சென்னை சுமார் 1,200 கிலோமீட்டர், கடல் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்று நாள். கீழ்த்தளத்தில் 'பங்க்' வகுப்பில் வாந்தி வாடையோடு வந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கல்லூரியை முதலில் எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தார்கள் என்று ஊகியுங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மதராஸ் இல்லை. வங்காளிகள் அதிகம் என்பதால் கல்கத்தாவும் இல்லை. சண்டிகரில் இருக்கும் பஞ்சாப் பல்கலைக்கழகம்! நேர்க்கோட்டில் அளந்தாலே 2,500 கிலோமீட்டருக்கும் மேல். வங்கக் கடல் நடுவில் உட்கார்ந்து பரீட்சை எழுதினால் விடைத்தாள் இமயமலை அடிவாரத்துக்குப் போய்த் திருத்தப்பட்டு வரும். அந்தப் பல்கலைக்கழகமே ஒரு அகதிதான். 1882ல் லாகூரில் தொடங்கி, 1947 பிரிவினையில் இந்தப் பக்கத்துப் பாதி ஊர் ஊராக அலைந்து, பிறகு சண்டிகரில் குடியேறியது. கட்டடம், நூலகம் எல்லாம் அந்தப் பக்கம் போன பிறகும் பெயர் மட்டும் உயிரோடு கூடவே வந்தது.

எங்கள் லைனில் ஒரு அண்ணாச்சி அந்தக் காலத்தில் பி.ஏ. முடித்தவர். ராமநாதபுரத்தில் பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளை பஞ்சாப் யுனிவர்சிட்டியில படிச்சவர்" என்று சொன்னார்களாம். பெண் வீட்டில் அசந்துபோய்விட்டார்கள். படித்தது போர்ட் பிளேரில் என்று சொல்லியிருந்தால், "அங்கே ஜெயில்தானே இருக்கு, காலேஜும் இருக்கா?" என்றுதான் கேட்டிருப்பார்கள். முத்திரை எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறதோ அவ்வளவு மதிப்பு என்று நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது.

1985ல் நாடாளுமன்றச் சட்டத்தால் பாண்டிச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் எல்லையில் அந்தமான் நிக்கோபாரும் சேர்ந்தது. அதன்பின் எங்கள் கல்லூரிப் பட்டங்களில் பாண்டிச்சேரி முத்திரை விழுந்தது. தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் சந்தோஷம்தான், கப்பல் போகும் திசையில் பல்கலைக்கழகமும் வந்துவிட்டதே. 1990ல் மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி வந்தது. பாராடாங்குக்கு வடக்கே ஒரு கல்லூரி, தெற்கே ஒரு கல்லூரி. ஆனாலும் ஊரில் பெரிய பேச்சு மெயின்லேண்டைப் பற்றியே இருந்தது. எங்கள் தீவுகளில் 'மெயின்லேண்ட்' என்ற சொல்லுக்குச் சொர்க்கம் என்று ஒரு துணை அர்த்தமும் உண்டு.

நாமினி சீட்டும் சான்றிதழும்

மெயின்லேண்டுக்குப் போக எங்களுக்கென்று ஒரு வாசல் இருந்தது. சொந்தமாக மருத்துவக் கல்லூரியோ போதுமான பொறியியல் கல்லூரியோ இல்லாத மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் மத்திய அரசு மற்ற இடத்துக் கல்லூரிகளில் சில இடங்களை ஒதுக்கும். அந்தமான் நிர்வாகம் மதிப்பெண் வரிசைப்படி பிள்ளைகளை நியமித்து அனுப்பும். 'நாமினி சீட்' என்போம். அதற்கு மதிப்பெண் மட்டும் போதாது, உள்ளூர்வாசி என்ற சான்றும் வேண்டும்.

இங்கே எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஒரு சிக்கல். நேற்று வந்தவன் என்று தீவில் ஒரு பார்வை. தமிழ்நாட்டுப் பக்கம் போனால் அங்கே பிறப்பிடச் சான்று கேட்பார்கள், "நீங்க அந்தமான்தானே" என்பார்கள். மெயின்லேண்ட் வீட்டில் பெற்றோர், "எந்தக் காலேஜ்?" என்று விவாதித்த நேரத்தில் எங்கள் வீட்டில், "எந்த ஆபீஸில் எந்தக் காகிதம்?" என்று அலைந்தோம். புலம்பெயர்ந்த வீடுகளுக்கு இது புரியும். விசாவும் வசிப்புரிமையும் கட்டண வித்தியாசமும் வந்த பிறகுதானே நமக்குக் கல்லூரியின் பெயரே வருகிறது?

நாமினி சீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. அந்த வருஷம் முதல் வரிசைக்காரர் எந்தக் கல்லூரியை எடுத்தாரோ அதுதான் அடுத்த வருஷம் 'பெஸ்ட்' காலேஜ். அந்தப் பையனுக்கு ஒரு சித்தப்பா அந்த ஊரில் இருந்தார், அதனால் எடுத்தான் என்பது யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷப் பெற்றோருக்குத் தெரிந்ததெல்லாம், "டாப்பர் எடுத்த காலேஜ்".

1984க்குப் பிறகு

தமிழ்நாட்டில் பொறியியலின் கதை 1794ல் தொடங்குகிறது. நில அளவைக்காக ஆள் பழக்க கிழக்கிந்தியக் கம்பெனி வைத்த பள்ளிக்கூடம் அது. 1859ல் கல்லூரியாகி, 1920ல் கிண்டிக்கு இடம் பெயர்ந்தது. சுதந்திரத்தை ஒட்டி மற்றவை வந்தன. 1945ல் கோவை அரசுக் கல்லூரி, 1949ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி., 1951ல் பி.எஸ்.ஜி., 1952ல் காரைக்குடி, 1957ல் மதுரை தியாகராஜர், 1959ல் ஐ.ஐ.டி., 1964ல் திருச்சி ஆர்.இ.சி. விரல் விட்டு எண்ணலாம். இவ்வளவு குறைவாக இருக்கும்போது எது நல்லது என்ற கேள்விக்கே இடமில்லை. இடம் கிடைத்தால் நல்லது, அவ்வளவுதான்.

1980களின் நடுவில் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. அதே காலத்தில், 1984ல், தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வும் வந்தது. கல்லூரிகள் பெருகின. வரலாற்றில் முதல்முறையாக, பெயரே இல்லாத கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் பெற்றோர் முன்னால் வந்து நின்றன. பத்து வருஷம்கூட ஆகாத கல்லூரிக்கு மில்லர் துரையும் கிடையாது, நூற்றாண்டு மணிக்கூண்டும் கிடையாது. பெயரை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். விளம்பரத்தில் கட்டடத்தின் படம் போட்டார்கள், பேருந்து எத்தனை என்று போட்டார்கள். பேருந்தின் முதுகில் கல்லூரிப் பெயர் எழுதி ஊர் ஊராக ஓட்டியது மாதிரி ஒரு மலிவான விளம்பரம் உலகத்தில் வேறு இல்லை.

நான் 1992ல் போர்ட் பிளேரில் மாமா வீட்டில் தங்கி பிளஸ் டூ முடித்தேன். நாமினி சீட் வரிசையில் என் பெயர் கீழே இருந்தது. தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றின் கையேடு கப்பலில் வந்தது. பளபள காகிதம், முகப்பில் தூண் வைத்த கட்டடம். அப்பா அதை இரண்டு நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிராமத்தில் இருந்த நிலத்தை ஒத்திக்கு வைத்து நன்கொடை கட்டினார். போய்ப் பார்த்தால் படத்தில் இருந்த கட்டடத்துக்குப் பின்பக்கம் கிடையாது! முகப்பு மட்டும் முடிந்திருந்தது. மூலச் சான்றிதழ்களை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள், நடுவில் விலகுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே வருஷம் தமிழ்நாட்டில் நன்கொடை வாங்குவதைத் தடுத்துச் சட்டம் வந்தது. 1993ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இலவச இடம், கட்டண இடம் என்று பிரித்தது. அதையும் 2002ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் மாற்றினார்கள். தீர்ப்புகளுக்கு நடுவில் நாங்கள் படித்து முடித்தோம்.

அங்கே எனக்கு இரண்டு அருமையான ஆசிரியர்கள் வாய்த்தார்கள். அவர்களால்தான் இன்று பொட்டி தட்டிச் சோறு தின்கிறேன். ஆனால் அந்த இருவரைப் பற்றி ஒரு வரியும் அந்தக் கையேட்டில் இல்லை.

அக்கா

இந்தப் பதிவை எழுதத் தூண்டியது என் அக்காதான். மூன்று வருஷம் மூத்தவள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் என்னைவிட அதிக மதிப்பெண். அவளுக்கு மெயின்லேண்ட் பேச்சே எழவில்லை. "பொம்பளப் பிள்ளையைக் கப்பல்ல தனியா எப்படி அனுப்புறது?" என்று அம்மா கேட்டார், பேச்சு முடிந்தது. போர்ட் பிளேரில் மாமா வீடு இருந்ததால் ஜே.என்.ஆர்.எம். கிடைத்தது. பி.எஸ்சி., பி.எட். முடித்து அரசுப் பள்ளியில் ஆசிரியை ஆனாள். சம்பளம் வாங்கத் தொடங்கியதும், ஒத்திக்குப் போன நிலத்தை மீட்டதில் பாதிப் பணம் அவளுடையது.

ஆனாலும் உறவுக்காரர் யார் வந்தாலும் அப்பா சொல்வது இப்படித்தான் இருக்கும்: "பையன் மெயின்லேண்ட்ல இன்ஜினியரிங் படிச்சான். பொண்ணு இங்கேதான் படிச்சா."

'இங்கேதான்' என்ற அந்த ஒரு சொல்லில் ஒரு கல்லூரியின் மொத்தப் பெயரும் அடங்கிவிட்டது. தீவுகளின் ஆசிரியர்கள், அலுவலர்கள் எத்தனையோ பேரை உருவாக்கிய கல்லூரி. கட்டணம் குறைவு, மாணவர்களில் வங்காளி, தமிழன், ராஞ்சி, நிக்கோபாரி எல்லோரும் உண்டு. ஆனால் பக்கத்தில் இருந்தது, சுலபமாகக் கிடைத்தது, பெண்களை அனுப்ப முடிந்தது. இந்த மூன்றும் நல்ல குணங்கள்தானே? பெற்றோர் தராசில் மூன்றுமே எடையைக் குறைத்தன. கஷ்டப்பட்டு, கடன்பட்டு, கடல் கடந்து போனால்தான் அது படிப்பு.

இதை அப்பாவின் குறை என்று நான் சொல்லமாட்டேன். கையில் தகவல் இல்லாதவர் விலையை வைத்துத்தான் தரத்தை மதிப்பார். கடையில் இரண்டு வேட்டி இருந்து துணி பற்றித் தெரியாவிட்டால் நாமும் விலை கூடியதைத்தானே எடுப்போம்?

கட்-ஆஃப் காலம்

1990களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. கிண்டி, ஏ.சி. டெக், எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி நான்கையும் சேர்த்து 1978ல் உருவான அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் அன்று நடந்தது. விடியற்காலையில் ஊர்களிலிருந்து வந்து இறங்கி, மரத்தடியில் பல் தேய்த்து, தயிர்சாதப் பொட்டலத்தோடு காத்திருந்த அப்பாக்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2001ல் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளை எல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே முத்திரை, 1857 கதை மறுபடியும்!

முத்திரை பொதுவாகிவிட்டால் வேறு அளவுகோல் வேண்டும். கட்-ஆஃப் வந்தது. நுழைவுத் தேர்வு இருந்தவரை 300க்கு. 2007ல் நுழைவுத் தேர்வு போன பிறகு 200க்கு, கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. "போன வருஷம் அங்கே 196ல் முடிஞ்சுது, இங்கே 191ல் முடிஞ்சுது, அதனால அதுதான் நல்ல காலேஜ்." கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். கட்-ஆஃப் எதை அளக்கிறது? ஆசிரியரையா, ஆய்வகத்தையா? இல்லை. போன வருஷப் பெற்றோர்கள் அந்தக் கல்லூரியைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை அளக்கிறது. அவர்கள் எதைப் பார்த்தார்கள்? அதற்கு முந்தைய வருஷக் கட்-ஆஃபை. பாராடாங்கில் டாப்பர் எடுத்த காலேஜ் கதைதான், தசமப் புள்ளி வைத்த கணக்காக வந்திருக்கிறது.

இதில் உண்மையே இல்லை என்று சொல்லவரவில்லை. நல்ல மதிப்பெண் பிள்ளைகள் ஒரு கல்லூரியில் சேர்ந்தால் வகுப்பு நன்றாக இருக்கும், நிறுவனங்கள் வேலைக்கு எடுக்க அங்கே வரும். பெயர் பிள்ளைகளைக் கொண்டுவரும், பிள்ளைகள் பெயரைக் கொண்டுவருவார்கள். ஆனால் ஒரு நல்ல புதுக் கல்லூரி இந்தச் சக்கரத்துக்குள் நுழைவதும், சரிந்துவிட்ட பழைய கல்லூரி வெளியே விழுவதும் பல வருஷம் பிடிக்கும். அந்த இடைவெளியில் சேர்ந்த பிள்ளைகள்தான் விலை கொடுப்பார்கள்.

சுயநிதிக் கல்லூரிகள் 500ஐத் தாண்டிய பிறகு இடங்கள் காலியாகக் கிடந்தன. மென்பொருள் அலை வந்தபோது கேள்வி இன்னும் சுருங்கியது, "பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம்?" என்று. மில்லர் துரையில் தொடங்கிய தராசு, வேலைக்கு எடுக்கும் கம்பெனிப் பட்டியலில் வந்து நின்றது.

பட்டியல்கள்

அமெரிக்காவில் யூ.எஸ். நியூஸ் பத்திரிகை 1983ல் தொடங்கியது, கனடாவில் மெக்லீன்ஸ் 1991ல். ஷாங்காய் உலகத் தரவரிசை 2003ல். இந்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் 2016ல் முதலில் வெளியானது. அந்த வருஷத்திலிருந்தே பொறியியலில் சென்னை ஐ.ஐ.டி.தான் முதலிடம். இந்தப் பட்டியல்களில் சிலவற்றில் 'பெயர்' என்பதற்கே தனியாக மதிப்பெண் உண்டு. மற்ற கல்லூரிக்காரர்களையும் நிறுவனங்களையும் கேட்டு எடுப்பது. ஊர் என்ன நினைக்கிறது என்று கேட்டு, அதை எண்ணாக்கி, அந்த எண்ணை ஊருக்கே திருப்பிக் கொடுப்பது!

தீவுகளும் மாறிவிட்டன. 1984ல் பாலிடெக்னிக்காகத் தொடங்கிய போர்ட் பிளேர் அம்பேத்கர் நிறுவனம் பொறியியல் பட்டமும் தரும் இடமாக வளர்ந்தது. 2015ல் 100 இடங்களோடு மருத்துவக் கல்லூரி வந்தது. எம்.பி.பி.எஸ். படிக்கக் கப்பல் ஏறித்தான் ஆக வேண்டும் என்ற காலம் முடிந்தது. 2020ல் சென்னையிலிருந்து கடலடியில் இணையக் கம்பிவடம் வந்து சேர்ந்தது. கப்பலில் கையேடு வரும் வரை காத்திருக்க வேண்டாம், பாராடாங் பிள்ளையும் எந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தையும் போனில் பார்க்கலாம். தகவல் பஞ்சம் போய்விட்டது. ஆனால் "இங்கேதான்" என்ற சொல் போய்விட்டதா? அக்காவிடம் போன மாதம் கேட்டேன். அவள் வகுப்புப் பெண் ஒருத்திக்கு உள்ளூரிலேயே மருத்துவ இடம் கிடைத்ததாம். அம்மாக்காரி வந்து, "டீச்சர், மெயின்லேண்ட்ல கிடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாளாம். அக்கா அந்த அம்மாவை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசி, பெண்ணை இங்கேயே சேர்க்க வைத்திருக்கிறாள்.

நாம் என்ன கேட்கலாம்?

இங்கே டொராண்டோவிலும் 'இங்கேதான்' உண்டு. வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கும் கல்லூரியில் பிள்ளை சேர்ந்தால் நம்மவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். கடன் வாங்கி எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு அனுப்பினால் குரல் உயர்கிறது. இருநூறு வருஷப் பழக்கம், ஒரு தலைமுறையில் போகாது.

பெயரே வேண்டாம் என்று நான் உபதேசம் செய்யப்போவதில்லை. அறிமுகமில்லாத ஊரில் முதல் கதவைத் திறப்பது பெயர்தான், அதுவும் சிபாரிசுக்கு ஆள் இல்லாத நம் மாதிரிக் குடும்பங்களுக்கு. ஆனால் பெயரைக் கேட்டுவிட்டு, கூடவே சிலதைக் கேளுங்கள். முதல் வருஷப் பாடத்தை யார் நடத்துகிறார், நிரந்தர ஆசிரியரா, வருஷம் ஒருவரா? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள்? பிடிக்காவிட்டால் துறை மாற வழி உண்டா? நாலு வருஷ முடிவில் குடும்பத்துக்கு எவ்வளவு கடன் நிற்கும், அதை அடைப்பது யார்? நான்காவது கேள்வியைப் பிள்ளையின் அக்கா தங்கையை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவரின் கல்லூரியை உரக்கவும் மற்றவரின் கல்லூரியை மெதுவாகவும் சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

உங்கள் வீட்டில் எந்தக் கல்லூரிக்குப் பெயர் பெரிசாக இருந்தது, யார் சொல்லி அப்படி ஆனது என்று எழுதுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறது.